தடையும் வேலியும்

மனிதனுடைய அறிவை அளந்து பார்க்க உலகம் கைக்கொண்டிருக்கும் முறை ஒன்றுதான்: கேட்ட கேள்விக்கு விடை சொல்கிறானா என்று பார்ப்பது. பள்ளியில் தொடங்கும் இச்சோதனை பல்கலைக்கழகம் வரை நீள்கிறது. கேள்வியை யார் அமைத்தார், அமைத்த கேள்வி சரிதானா என்று ஆராய்வதற்கு மாணவனுக்கு நேரமும் இல்லை, உரிமையும் இல்லை. பொறியியல் கல்வியில் இக்குறை இன்னும் மிகுதி. அங்கே கணக்கு உண்டு, சூத்திரம் உண்டு, நூலின் இறுதிப் பக்கங்களில் விடையும் அச்சாகியிருக்கும். ஆனால் உலகம் ஒரு பொறியாளனிடம் கொண்டுவந்து வைக்கும் சிக்கல்களுக்கு இறுதிப் பக்கம் என்று ஒன்று கிடையாது.

இக்குறையைக் களைவதையே தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்ட பொறியாளர் சிலர் அமெரிக்காவில் இருந்தனர். அவர்களுள் ஜேம்ஸ் ஆடம்ஸ் என்பவரின் பணி நம் சிந்தனைக்குரியது. விண்கலங்களை உருவாக்கும் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்து, பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, வடிவமைப்பையும் ஆக்கச் சிந்தனையையும் பல்லாண்டுகள் கற்பித்தவர் அவர். மனித மனம் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் தடைகளை எவ்வாறு இனங்கண்டு நீக்குவது என்பதே அவருடைய பாடத்தின் சாரம்.

இங்கேதான் ஓர் அறக்கேள்வி எழுகிறது. மனத்தின் தடைகளை உடைக்கப் பழகிய இளைஞன், உடைக்கக்கூடாத ஒன்றையும் உடைத்துவிடமாட்டானா? "ஏன் கூடாது?" என்று கேட்கக் கற்றுக்கொடுப்பது எளிது, அந்தக் கேள்வி எங்கே நிற்க வேண்டும் என்பதை யார் கற்றுக்கொடுப்பது? பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒருநாள் சந்தித்தே தீரவேண்டிய கேள்வி இது. ஆகவே அந்தப் பேராசிரியரின் வாழ்க்கைப்பணியை முன்வைத்தே இதனைச் சற்று ஆராய்வோம்.

அயல் கோளின் மக்கள்

ஆடம்ஸுக்கு முன்பே இத்துறைக்கு அடித்தளம் இட்டவர் ஜான் ஆர்னால்டு. 1913ஆம் ஆண்டில் பிறந்த இவர் முதலில் கற்றது உளவியல். அதன் பின்னரே இயந்திரப் பொறியியல் பயின்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியரானார். மனத்தின் இயல்பையும் இயந்திரத்தின் இயல்பையும் ஒருங்கே அறிந்திருந்த அவருக்குத் தம் மாணவர்களிடம் ஒரு குறை தெரிந்தது. அவர்கள் கணக்கிடுவதில் வல்லவர்கள்; ஆனால் புதிதாக ஒன்றைச் செய்யச் சொன்னால், ஏற்கெனவே இருப்பதையே சிறிது மாற்றிக் கொண்டுவந்து தந்தார்கள்.

1950களின் தொடக்கத்தில் அவர் ஒரு விந்தையான பயிற்சியை வகுத்தார். ஆர்க்டூரஸ் என்னும் விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றைக் கற்பனை செய்தார். அங்கே பூமியைவிடப் பன்மடங்கு மிகுந்த ஈர்ப்பு. காற்றோ மீத்தேன் வாயு. அங்கு வாழ்வோர் பறவை இனத்திலிருந்து தோன்றியவர்கள், முட்டையிலிருந்து பிறப்பவர்கள், மூன்று விரல் உடையவர்கள், எதனையும் உணர்ந்து செயற்பட நம்மைவிட நெடுநேரம் எடுத்துக்கொள்பவர்கள். இந்த மக்களுக்கு ஏற்ற ஊர்திகளையும் கருவிகளையும் வீட்டுப்பொருள்களையும் வடிவமைத்துத் தாருங்கள் என்று மாணவர்களிடம் கூறினார்.

நகைத்தவர்களும் உண்டு. கல்விக்கூடத்தில் கட்டுக்கதைக்கு என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் இப்பயிற்சியின் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து விரலுடையவன் ஐந்து விரலுக்கு ஏற்ற பிடியை அமைக்கும்போது அவன் சிந்திப்பதே இல்லை; தன் கையையே அளவுகோலாகக் கொண்டுவிடுகிறான். மூன்று விரலுடையவனுக்கு அமைக்க வேண்டும் என்றதும் அந்த அளவுகோல் அவன் கையிலிருந்து பறிக்கப்பட்டுவிடுகிறது. மெல்ல உணர்பவர் ஓட்டும் ஊர்தி எவ்வளவு விரைவாகச் செல்லலாம் என்று கேட்கும்போது, தன் விரைவு அனைவருக்கும் பொதுவன்று என்பதை அவன் முதன்முறையாக உணர்கிறான். பிறர் என்பவர் நாம் அல்லர் என்னும் எளிய உண்மையைக் கற்பிக்க அவர் விண்மீன் வரை போக வேண்டியிருந்தது.

1957ஆம் ஆண்டில் ஆர்னால்டு ஸ்டான்ஃபோர்டுக்கு வந்து, அங்கே வடிவமைப்புக் கல்விக்கு வித்திட்டார். ஓவியக் கலையும் பொறியியலும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்படும் நிலை அங்கே உருவாயிற்று. 1963ஆம் ஆண்டில், ஐம்பது வயதளவில் அவர் மறைந்தார். அவர் இட்ட வித்து மறையவில்லை. ராபர்ட் மெக்கிம் போன்றவர்கள் கண்ணால் காண்பது, மனத்தால் உருவகிப்பது, கையால் வரைவது ஆகிய மூன்றையும் இணைத்துக் கற்பித்தனர். ஆடம்ஸ் அந்த மரபில் வந்து சேர்ந்தவர்.

தேவையற்ற கருவி

ஆசிரியராவதற்கு முன் ஆடம்ஸ் கலிஃபோர்னியாவில் உள்ள ஜெட் உந்துகை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். செவ்வாய்க் கோளை நோக்கி மாரினர் 4 என்னும் விண்கலம் ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலம் அது. அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைத் தம் நூலில் அவர் விவரிக்கிறார்.

அக்கலத்திற்கு மின்சாரம் தருவதற்காகச் சூரிய ஒளியை ஏற்கும் தகடுகள் நான்கு பொருத்தப்பட்டிருந்தன. ஏவும்போது அவை மடிந்திருக்கும். விண்வெளியை அடைந்தபின் சுருள்வில்லின் விசையால் விரியும். விரிந்து முடியும் தறுவாயில் ஏற்படும் அதிர்ச்சியால் மென்மையான அத்தகடுகள் பழுதாகிவிடக்கூடும் என்று பொறியாளர்கள் அஞ்சினர். ஆகவே விரியும் வேகத்தை மட்டுப்படுத்த ஒரு கருவி தேவை என்று முடிவு செய்தனர். எண்ணெய் நிரப்பிய கருவியை எண்ணினர். எண்ணெய் கசிந்து கலத்தைக் கெடுத்துவிடும் என்று தோன்றியது. வேறு வகைகளை முயன்றனர். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு குறை. காலமோ குறுகிக்கொண்டே வந்தது. கடைசியில், அக்கருவி இயங்காமற் போனால் எவ்வளவு சேதம் நேரும் என்று அறிய ஒரு சோதனை நடத்தினர். கருவி இல்லாமலே தகடுகள் பழுதின்றி விரிந்தன! அதாவது, இத்தனை நாள் இத்தனை பேர் இத்தனை பொருள் செலவிட்டுத் தேடிய கருவி தேவையே இல்லை.

1964ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் ஏவப்பட்ட மாரினர் 4, அடுத்த ஆண்டு ஜூலையில் செவ்வாயை அணுகி, 20க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பி வைத்தது. மனிதகுலம் அக்கோளை அருகிருந்து கண்டது அதுவே முதன்முறை.

இந்நிகழ்ச்சியில் அறிவில்லாதவர் எவரும் இல்லை, சோம்பேறியும் இல்லை. குறை அவர்களுடைய விடையில் இல்லை, கேள்வியில் இருந்தது. "எந்தக் கருவியால் வேகத்தைக் குறைப்பது?" என்று கேட்டவர்கள், "வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டுமா?" என்று கேட்க மறந்தனர். முதற்கேள்வி கதவைத் தாழிட்ட அறை. அறைக்குள் எவ்வளவு நடந்தாலும் வெளியே வர இயலாது.

நால்வகைத் தடைகள்

1974ஆம் ஆண்டில் ஆடம்ஸ் எழுதிய 'கன்செப்சுவல் பிளாக்பஸ்டிங்' என்னும் நூல் வெளிவந்தது. கருத்துத் தடைகளைத் தகர்த்தல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். பின்னர் பல பதிப்புகளைக் கண்ட அந்நூலில் அவர் மனத்தின் தடைகளை வகை பிரிக்கிறார். காணும் முறையில் உள்ள தடைகள். உணர்ச்சியால் வரும் தடைகள். பண்பாட்டாலும் சுற்றுச்சூழலாலும் வரும் தடைகள். அறிவாலும் வெளியிடும் ஆற்றலின் குறையாலும் வரும் தடைகள்.

காணும் முறையில் உள்ள தடைக்கு அவர் எடுத்தாள்வது பலரும் அறிந்த ஒரு புதிர். மூன்று வரிசையாக ஒன்பது புள்ளிகள். எழுதுகோலை எடுக்காமல் நான்கே நேர்க்கோடுகளால் அவை அனைத்தையும் இணைக்க வேண்டும். பெரும்பாலோர் தோல்வியுறுகின்றனர். புள்ளிகள் அமைக்கும் சதுரத்தைத் தாண்டிக் கோடு போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். இதனினும் சுவையானது ஒரு சிறுமி அவருக்கு எழுதிய மடல். ஒரே கோட்டால் ஒன்பது புள்ளிகளையும் இணைக்கலாம் என்றாள் அவள். எவ்வாறு? ஒன்பதையும் மூடிவிடும் அளவுக்குத் தடித்த கோடு! கோடு மெல்லியதாக இருக்க வேண்டும் என்று எந்த விதி சொன்னது?

உணர்ச்சித் தடைகளுள் முதன்மையானது தவறு செய்துவிடுவோமோ என்னும் அச்சம். கருத்தொன்று பிறக்குமுன்பே அதற்குத் தீர்ப்பு வழங்கிவிடும் அவசரம் இன்னொன்று. குழந்தையிடம் ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொன்னால் மகிழ்ந்து வரைந்து காட்டும். அதையே பெரியவரிடம் சொன்னால், வரையுமுன்பே "எனக்கு வரைய வராது" என்று மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவருக்குக் கல்வி வளர்ந்தது. கூடவே நாணமும் வளர்ந்துவிட்டது.

இதுவரை எவருக்கும் மறுப்பு இராது. மூன்றாம் வகைதான் நம்மைத் தயங்க வைக்கிறது.

குழாயில் விழுந்த பந்து

பண்பாட்டுத் தடைக்கு ஆடம்ஸ் தரும் எடுத்துக்காட்டு இது. வெறும் அறை ஒன்றின் தரையில் இரும்புக் குழாய் பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் அடியில் ஒரு மேசைப்பந்து கிடக்கிறது. குழாயின் அகலம் பந்தைவிட மயிரிழையளவே மிகுதி. அறையில் ஆறு பேர். அவர்களிடம் கயிறு, சுத்தியல், உளி, அரம் முதலிய சில பொருள்கள். பந்துக்கும் குழாய்க்கும் தரைக்கும் கேடு வராமல் பந்தை வெளியே எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் பந்து மிதந்து மேலே வந்துவிடும். ஆனால் பொருள்களின் பட்டியலில் தண்ணீர் இல்லை. மனித உடல் தானே கழிக்கும் நீர் ஒன்று உண்டு என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும் நாவில் வருவதில்லை. வளர்ப்பும் நாகரிகமும் அந்த எண்ணத்தின் வாயிலையே அடைத்துவிடுகின்றன.

அப்படியானால் நாணமும் ஒரு தடை. அதனையும் தகர்த்தெறிய வேண்டும் என்கிறாரா? இல்லை. விலக்குகளைத் தாம் பழிக்கவில்லை என்று அவர் தெளிவாகவே குறிப்பிடுகிறார். சமுதாயத்தில் பிறருக்கு வெறுப்பும் துன்பமும் தரக்கூடிய செயல்களைத் தடுப்பதால் அவற்றுக்கு நற்பயன் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் தீங்கு செய்வது செயல்தான். மனத்தளவில் எண்ணிப் பார்ப்பதால் யாருக்கும் கேடில்லை என்பது அவர் கருத்து.

இந்த விளக்கம் நமக்குப் பாதி நிறைவையே தருகிறது. எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே ஒரு சுவர் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் பொறியாளனுடைய தொழிலே அந்தச் சுவரில் கதவு அமைப்பதுதான். கவிஞனின் எண்ணம் ஏட்டில் தங்கிவிடலாம். பொறியாளனின் எண்ணம் வரைபடமாகி, இயந்திரமாகி, அந்நியர் ஒருவரின் வீட்டுக்குள் வந்து நிற்கிறது. எண்ணத்தில் கேடில்லை என்று அவன் அமைதி கொள்வதற்கில்லை. ஆகவே எண்ணும்போதே, தான் தாண்டிச் செல்வது எது என்று பிரித்தறியும் ஓர் அளவுகோல் அவனுக்கு வேண்டும்.

அவ்வளவுகோல் நம் முன்னேயே கிடக்கிறது என்பது என் கருத்து. வழியில் குறுக்கே நிற்பவை இரு வகை. ஒன்று தடை, மற்றொன்று வேலி. இரண்டும் நம்மை நிறுத்துகின்றன. ஆயினும் தடை காப்பது நம்மை. வேலி காப்பது பிறரை. கேள்வி கேட்டால் அறிவிலி என்பார்களே என்னும் அச்சம் காப்பது கேட்பவனின் பெருமையை. எல்லாரும் செய்தபடியே செய்துவிட்டால் பழி வராது என்னும் எண்ணம் காப்பது செய்பவனின் பதவியை. இவை தடைகள். ஆனால், பிறர் முன்னிலையில் அவர்கள் அருவருக்கும்படி நடவாதே என்பது உடனிருப்பவரைக் காக்கிறது. உன் ஆய்வுக்கு இன்னொருவர் உயிரைப் பணயமாக வைக்காதே என்பது அந்த இன்னொருவரைக் காக்கிறது. இவை வேலிகள்.

இந்த அளவுகோலைக் குழாய்ப் புதிரின்மேல் வைத்துப் பார்த்தால் சிக்கல் அவிழ்கிறது. அவ்வெண்ணம் தோன்றாமலே தடுப்பது தடை. ஆறு பேர் கூடியிருக்கும் அறையில் அதனைச் செய்யாமல் தடுப்பது வேலி. மற்ற ஐவரும் வெளியேறிக் கதவைச் சாத்திவிட்டால், அல்லது அந்தக் குழாய்க்குள் கிடப்பது பந்தாக இல்லாமல் ஓர் உயிரைக் காக்கும் பொருளாக இருந்தால், வேலியும் இடம் விட்டுக்கொடுக்கும்.

குளிரில் இறுகிய வளையம்

அளவுகோல் எளிதாகத் தோன்றலாம். அதைக் கையாள்வது எளிதன்று என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஆடம்ஸ் 1991ஆம் ஆண்டில் பொறியாளரின் உலகைப் பற்றி வேறொரு நூல் எழுதினார். அதன் தலைப்பிலேயே 'ஓ-ரிங்ஸ்' என்னும் சொல் இடம்பெற்றிருக்கிறது. சேலஞ்சர் விண்ணோடம் அழிவதற்குக் காரணமான ரப்பர் வளையங்களின் பெயர் அது.

விண்ணோடத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகள் பல துண்டுகளாகச் செய்து இணைக்கப்பட்டவை. இணைப்பு வழியே எரிவாயு வெளியேறாமல் அடைத்து நிற்பவை அவ்வளையங்கள். குளிரில் ரப்பர் இறுகி, நெகிழும் தன்மையை இழக்கும். அந்த ராக்கெட்டுகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் போஜலே, 1985ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேயே இதனைக் கவனிக்காவிட்டால் உயிர்ச்சேதம் நேரும் என்று மேலதிகாரிகளுக்கு எழுதினார். 1986ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் இரவு, கடுங்குளிர் வரப்போவதை அறிந்த அவரும் உடன் பணிபுரிந்தோரும் மறுநாள் ஏவக்கூடாது என்று தொலைபேசி வழி நடந்த ஆலோசனையில் வாதாடினர். ஏவுவது ஆபத்து என்பதை மெய்ப்பிக்க முடியுமா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. நிறுவனத்தின் நிர்வாகிகள் முதலில் பொறியாளர் பக்கம் நின்று, பின்னர் முடிவை மாற்றிக்கொண்டனர். ஜனவரி 28ஆம் நாள் ஏவப்பட்ட விண்ணோடம் 73ஆம் வினாடியில் சிதறியது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியை. விசாரணைக் குழுவில் இருந்த அறிவியலறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி எடுத்து, அது இறுகிப்போனதை உலகறியக் காட்டினார்.

இந்நிகழ்ச்சியை மாரினர் நிகழ்ச்சியோடு அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் காலக்கெடு நெருக்கியது. இரண்டிலும் எச்சரிக்கையாக இருந்த ஒன்று கைவிடப்பட்டது. முன்னதில் விளைந்தது வெற்றி. பின்னதில் விளைந்தது பேரிழப்பு. வேறுபாடு எங்கே? மாரினரில், தேவையென்று கருதியது தேவைதானா என்று பொருளையே சோதித்துக் கேட்டார்கள். தகடு விடை சொல்லிற்று. சேலஞ்சரில் பொருளைக் கேட்கவில்லை. பொருள் சொன்னதை எடுத்துச் சொன்னவர்களைத்தான் குறுக்கு விசாரணை செய்தார்கள். மேலும், மாரினர் தோற்றிருந்தால் போவது ஓர் இயந்திரம். சேலஞ்சரில் இருந்தவர்களோ, அந்த ஆலோசனையில் பங்கு பெறாதவர்கள். அங்கே என்ன பேசப்பட்டது என்று அறியாதவர்கள். எச்சரிக்கை அவர்களைக் காக்க நின்ற வேலி. அதனைக் கால அட்டவணைக்குக் குறுக்கே நிற்கும் தடையாகக் கருதியதே அந்த இரவின் பெரும்பிழை.

இதில் இன்னொன்றும் மறைந்திருக்கிறது. முடிவு செய்தவர்கள் உடைக்க வேண்டிய தடை ஒன்று உண்மையாகவே அங்கே இருந்தது. ஒப்பந்தம் போய்விடுமோ, மேலிடம் முகம் சுளிக்குமோ என்னும் அச்சமே அது. அந்தத் தடையைக் காத்துக்கொண்டு வேலியை உடைத்தார்கள். உலகில் நடக்கும் பெருந்தீங்குகள் பலவற்றில் இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் காணலாம். துணிவு வேண்டிய இடத்தில் அடக்கமும், அடக்கம் வேண்டிய இடத்தில் துணிவும்.

இரண்டுக்கும் ஒரே ஆற்றல்

ஒரு மறுப்பு எழலாம். "எங்கள் தடைகளையெல்லாம் வேலி என்றே நாங்கள் அழைப்போமே! மகளைப் படிக்க விடாத தந்தையும் அவள் நன்மைக்காகத்தான் என்கிறார். புதியதைச் சொல்ல விடாத ஆசிரியரும் மாணவனின் நன்மைக்காகத்தான் என்கிறார். பிறரைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு தம்மைக் காத்துக்கொள்பவரை உம் அளவுகோல் எவ்வாறு பிடிக்கும்?"

நியாயமான மறுப்பு. இதற்கு விடை, காக்கப்படுவதாகச் சொல்லப்படுபவரின் பக்கம் சென்று பார்ப்பதுதான். அந்த வேலியை அவர் வேண்டுகிறாரா? அது இல்லாவிட்டால் துன்புறுவது அவரா, நம் பெருமையா? மறுபக்கம் சென்று பார்க்காமல் இதற்கு விடை காண வழியில்லை. மறுபக்கம் செல்வது உடலால் அன்று, கற்பனையால்.

இங்கேதான் ஆர்னால்டின் மூன்று விரல் மக்கள் மீண்டும் நினைவுக்கு வருகிறார்கள். அவர் தம் மாணவரிடம் வளர்க்க முயன்ற ஆற்றல் எது? தன் கையை மறந்து பிறர் கையாகப் பார்ப்பது. புதிய பிடியைக் கண்டுபிடிக்கத் துணை செய்வது அந்த ஆற்றலே. இந்தப் பிடி யார் கையை அறுக்கும் என்று முன்னறிந்து சொல்வதும் அதே ஆற்றலே. ஆக்கச் சிந்தனை ஒரு பக்கம், மனசாட்சி மறுபக்கம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஒன்று கடிவாளம் அற்ற குதிரை, மற்றொன்று கடிவாளம் என்று உவமையும் சொல்கிறோம். அது பொருந்தாத உவமை. இரண்டும் ஒரே கண்ணின் பார்வை. தொலைவில் இருக்கும் மனிதரைக் காணத் தெரியாதவன் நல்ல பொருளையும் செய்யமாட்டான். தீய பொருளைச் செய்யாமலும் இருக்கமாட்டான்.

ஆடம்ஸின் கல்விப்பணி இந்த இணைப்பை மறக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டில் அறமதிப்புகளையும் தொழில்நுட்பத்தையும் அறிவியலையும் சமுதாயத்தையும் ஒருசேர ஆராயும் பாடத்திட்டத்துக்கும் அவர் தலைமை ஏற்றிருந்தார். தடையை உடைக்கக் கற்பித்தவரே, உடைத்தபின் என்ன என்னும் கேள்வியையும் மாணவர்முன் வைத்தார். ஒன்றை மட்டும் கற்பிப்பது அரைக்கல்வி என்பதை இதனால் அறியலாம்.

நம் இல்லங்களுக்கு இதிலிருந்து கிடைப்பது என்ன? பிள்ளைகளைப் பொறியாளர்களாகவும் மருத்துவர்களாகவும் ஆக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். மதிப்பெண்ணை எண்ணிப் பார்க்கிறோம். ஆனால் "ஏன் கூடாது?" என்று பிள்ளை கேட்கும்போது நாம் சொல்லும் விடை என்ன என்பதை எண்ணிப் பார்க்கிறோமா? "இதனால் இன்னாருக்குத் துன்பம் வரும்" என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட நம்மால் முடிந்தால், அது வேலி. அதனை விளக்கிச் சொல்வோம். காரணம் தெரிந்த பிள்ளை அதைக் காவல் காக்கும். யாரையும் சுட்டிக்காட்ட இயலாமல், "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்பது மட்டுமே நம் விடையானால், அது பெரும்பாலும் நம்முடைய தடை. அதனைப் பிள்ளையின் தலையில் ஏற்றி அனுப்புவது முறையாகாது.

அறிவு என்பது ஓர் அமானிதம். பூட்டி வைத்துவிடுவதாலும் அது வீணாகும். பிறர் கேட்டில் செலவிடுவதாலும் வீணாகும். எதைத் தாண்டுவது, எதன்முன் நிற்பது என்று ஒவ்வொரு முறையும் நின்று கேட்பவனே அதனை உரியபடி ஒப்படைக்கிறான். அந்தக் கேள்விக்கு நூலின் இறுதிப் பக்கத்தில் விடை அச்சிடப்படவில்லை. ஆயினும் கேட்கக் கற்பிக்க முடியும். பொறியாளர் இருவர் தம் வாழ்நாளைச் செலவிட்டு அதனைக் காட்டியிருக்கின்றனர்.